ஐதரொயிட்டு: பாசி என்று நாம் சுரண்டி எறியும் விலங்கு

கொழும்புத் துறைமுக அலைதாங்கிக் கல்லிலும் படகுக் கயிற்றிலும் பழுப்பாகப் படர்ந்திருப்பதையெல்லாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். தொட்ட கை எரிந்தால் அது பாசியாக இருக்காது; ஐதரொயிட்டு என்னும் கடல்விலங்காக இருக்கலாம். பெயரிலிருந்தே தொடங்குவோம்.

ஐதரா என்பது கிரேக்கக் கதையில் வெட்ட வெட்டத் தலை முளைக்கும் நீர்ப்பாம்பு. 1740களில் இயற்கையியலாளர் ஆபிரகாம் டிரெம்ப்ளே ஒரு நன்னீர்ப் பொலிப்பை (வாயைச் சுற்றிக் கொம்புகள் கொண்ட, குழாய் வடிவச் சிறு உயிரை) வெட்டி, துண்டுகள் முழு உயிராக வளர்வதைக் காட்டினார். உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயசு அந்தப் பாம்பின் பெயரையே அதற்கு இட்டார். அப்பெயரோடு உருவத்தைக் குறிக்கும் 'எய்தொஸ்' சேர, ஐதரொயிட்டு வந்தது. தமிழகத்தில் ஹைட்ராய்டு என்பார்கள். தமிழாக்கி 'ஐதராப்போலி' என்றால் பொய் ஐதரா ஆகிவிடும், 'ஐதராவுரு' பொருந்தும். ஐதராவும் அதன் உறவினங்களும் அடங்கிய ஐதரோசோவா வகுப்பு விலங்கின் வாழ்வில் ஒட்டிவாழும் பொலிப்பு உருவைத்தான் இச்சொல் சுட்டுகிறது. பலவற்றுக்கு மிதந்து திரியும் சிறு இழுதுமீன் உருவும் உண்டு. இரண்டும் ஒன்றென்று தெரியாமல் தனித்தனிப் பெயர் பெற்ற இனங்கள் கொஞ்சமல்ல.

இனங்காண முதலில், பார்வைக்கு இதைப்போலவே கூட்டமாகப் படரும் வேறொரு விலங்கான பிரயோசோவாவை விலக்க வேண்டும். அதன் பரிசக்கொம்புகளில் (தொட்டுணரும் கொம்புகளில்) உள்ள பிசிர் என்னும் நுண்மயிர்கள் துடித்து நீரோட்டம் எழுப்பும். ஐதராவுருவில் அந்த ஓட்டம் இராது. அடுத்து, பொலிப்பு உள்ளே ஒடுங்கக் கிண்ணம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் லெப்டொதெக்காட்டா என்ற வரிசை, இல்லையேல் அந்தொவதெக்காட்டா என்ற வரிசை. கிண்ணம் ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியது. 40 மடங்கு பெருப்பிக்கும் நுணுக்குக்காட்டி வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒபீலியா என்ற ஐதராவுருவுக்குக் கிண்ணமும் வளையமிட்ட காம்பும் உண்டு. பென்னாரியா டிஸ்டிகா என்ற இனத்துக்குக் கிண்ணம் இல்லை: கறுத்த தண்டின் இருபுறமும் மாறிமாறிக் கிளைகள், வெண்பொலிப்புகள், அவற்றின் அடியில் நூல்போன்ற கொம்புகள், மேலே நுனி குமிழ்த்தவை.

மாதிரி பெரும்பாலும் கெட்டுப்போவது பதப்படுத்தும்போதுதான். நேரே மதுசாரத்தில் போட்டால் பொலிப்பு சுருண்டு, கொம்புகளை எண்ணவே முடியாது. கையுறை அணிந்து, ஒட்டியிருந்த கயிற்றுத் துண்டோடு வெட்டி எடுங்கள். அதைக் கடல்நீரில் இட்ட வாளியை வெயிலில் வைக்காதீர்கள். ஒரு லீற்றர் நன்னீரில் 75 கிராம் மகனீசியங் குளோரைட்டு அறுநீரேற்றைக் கரைத்து, அதே அளவு கடல்நீரோடு கலந்து, பொலிப்பு மயங்க அதில் இடுங்கள். ஊசி தொட்டும் பொலிப்பு அசையாத பிறகு, போமலின் ஒரு பங்கும் கடல்நீர் ஒன்பது பங்கும் சேர்ந்த கரைசலுக்கு மாற்றலாம். டிஎன்ஏ ஆய்வுக்கு ஒரு துண்டு 95% மதுசாரத்தில் தனியே இருக்கட்டும். போமலினில் கிடந்தது அதற்கு உதவாது.

இனப்பெருக்க மொட்டு இல்லாத மாதிரியென்றால் இனத்தைச் சொல்ல முடியாமல் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்த வேண்டியதுதான். அதே கயிற்றைச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.