பின்னூட்டங்களை அள்ளினால் கடன்பட்டவர் அகப்படமாட்டார்

மீண்டும் ஓர் இறுதியாண்டு ஆய்வேடு, மீண்டும் ஒரு சொல்முகில் (அதிகம் வந்த சொற்களைப் பெரிதாகக் காட்டும் படம்). தலைப்பு: மட்டக்களப்பில் நுண்கடன் பெற்ற பெண்களின் நிலை. தரவோ முகநூலில் அள்ளிய பின்னூட்டங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்கள் பக்கம் ஒரு தடவையாவது போனீர்களா என்று கேட்டேன். "இல்லை சேர், இது கணினிசார் முறை" என்றார் மாணவர். எழுத்துத் தரவைக் கணினியால் ஆராயப் பழக்கும் இரண்டு நாள் பயிற்சிப்பட்டறையின் சான்றிதழ் மட்டும் பின்னிணைப்பில் பத்திரமாக இருந்தது.

பயிற்சிப்பட்டறைகள் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆய்வு முறையியல் படிப்பிக்கும் நானும் அவற்றில் வகுப்பெடுக்கிறேன். பைத்தன், ஆர் என்ற நிரல்மொழிகள் இலவசம். சமூக விஞ்ஞான மாணவர்கள் பழகத்தான் வேண்டும். எனக்கு எரிச்சல் மூட்டுவது, "தரவு நிறைய இருக்கிறது, மாதிரியெடுப்பைப் பற்றிக் கவலை எதற்கு" என்ற நம்பிக்கை. மாதிரியெடுப்பு என்றால், யாரிடமிருந்து தரவு எடுப்பது என்று தீர்மானிப்பது.

நிறையப் பேர் இருந்தால் எல்லா விதமானவரும் இருக்கிறார்கள் என்று ஆகாது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜெஸ்ட் சஞ்சிகை ஒரு கோடி கருத்துக்கணிப்பு வாக்குச்சீட்டுகளை அனுப்பி, ஏறத்தாழ 24 இலட்சம் பதில்களை எண்ணி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவருக்கு. பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அவை யாரிடம் இருந்திருக்கும்? பதில் எழுதியவர்களும் கால்வாசிப் பேர்தான். அதே பட்டியல்களிலிருந்து இன்னொரு கோடிப் பேருக்கு அனுப்பியிருந்தாலும் அதே பிழைதான் வந்திருக்கும்.

இங்கேயும் அதே கதை. முகநூலில் நுண்கடனைத் திட்டுபவர் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கலாம். வாகரையில் தவணைக்காரர் படலையடிக்கு வரும்போது பின்வளவால் நழுவும் பெண் அங்கே எழுதமாட்டார். கைபேசி அவருடையதாக இருக்காது. இருந்தாலும் கடன் கதையை ஊர் பார்க்க எழுதுவாரா? பத்தாயிரம் பின்னூட்டத்தை ஓர் இலட்சமாக்கினாலும் அவர் அதற்குள் வரப்போவதில்லை.

"மென்பொருளே தலைப்புகளைக் கண்டுபிடித்தது" என்பது மாணவர்களின் அடுத்த வசனம். ஒன்றாக வரும் சொற்களைத் தலைப்புகளாகக் கூட்டும், 2003இல் வெளிவந்த எல்டிஏ (LDA) முறையில் எத்தனை தலைப்பு என்று சொல்பவரும் நீங்கள், அவற்றுக்குப் பெயர் சூட்டுபவரும் நீங்கள்.

தமிழ்த் தரவின் பாடு தனி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய அறிக்கையில் 'அம்மா' என்பது கணினிக்கு, நடுவே ஓர் அரைப்புள்ளி குத்திய நான்கு ஆங்கில எழுத்துகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றாமல் எதையும் எண்ணாதீர்கள். கடனை, கடனால், கடனுக்கு என்பவற்றை வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவராவிட்டால் மூன்றும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து உணர்வுப் பகுப்பாய்வு (எழுதியது நேர்மறையா எதிர்மறையா என்று மென்பொருள் புள்ளியிடுவது) செய்வது இன்னும் மோசம்: "நல்ல உதவிதான் செய்தீர்கள்" என்று வயிறெரிந்து எழுதியதற்கு நேர்மறைப் புள்ளி விழுந்திருந்தது.

தம்பி, தங்கச்சிமாரே, முதலில் கேள்வியை எழுதுங்கள். உங்கள் தரவில் யார் இல்லை என்பதை அரைப் பக்கமாவது எழுதுங்கள். இருநூறு பின்னூட்டங்களைக் கையால் வகைப்படுத்தி மென்பொருளின் விடையோடு ஒப்பிடுங்கள். கடன்பட்டவரின் பெயரோடு எதையும் ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு தடவை வாசியுங்கள்.

பயிற்சிப்பட்டறை ஏற்பாட்டாளர்களே, ஆங்கில டுவிட்டர் மாதிரிக் கோப்பை வைத்துப் படிப்பித்தது போதும். சொந்தத் தமிழ்க் கோப்போடு வரச்சொல்லுங்கள். அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேளுங்கள். முதல் நாள் காலை முழுவதும் எழுத்துரு மாற்றுவதிலேயே போகும். போகட்டும்.