மழை கூடினால் புல் கெடும்: ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் கணக்கு

நல்ல மழை பெய்தால் மேய்ச்சலும் நன்றாக இருக்கும் என்றுதான் நினைப்போம். தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் இது பாதிதான் உண்மை.

சுமார் 1,200 முதல் 1,800 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் புல்வெளி அது. ஜோஹன்னஸ்பர்க் நகரம் இருப்பதும் அங்கேதான். மழை பெரும்பாலும் அங்கே கோடையான அக்டோபர் முதல் மார்ச் வரை, பிற்பகல் இடிமழையாக வரும். குளிர்காலத்தில் மழை அனேகமாக இல்லை. இரவில் உறைபனி விழும், காய்ந்த புல்லில் தீ பரவும். தலைதூக்கும் மரக்கன்று பனியிலோ தீயிலோ கருகிவிடும். புல்லின் குருத்து மண்ணை ஒட்டியே இருப்பதால் அது தப்பித்து மறுபடி துளிர்க்கும். மரங்கள் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஈரம் இந்தியப் பெருங்கடலிலிருந்து வருவதால் கிழக்கே மழை அதிகம், ஆண்டுக்கு 700 மி.மீ.க்கு மேல். மேற்கே போகப் போக 400 வரை குறையும். சரி, கிழக்கில்தானே மாடு கொழுக்க வேண்டும்? கோடையில் கொழுக்கும். ஆனால் அந்த மழையே மண்ணின் சத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய், மண்ணை அமிலமாக்கி விடுகிறது. கிடைத்த கொஞ்சச் சத்தையும் புல் விட்டுவிடுவதில்லை. கோடை முடிந்ததும் இலையிலிருந்து வேருக்கு இறக்கிக்கொள்கிறது. மேலே மிஞ்சுவது வெறும் நார். மாடு வயிறு நிறையத் தின்றும் இளைக்கும். இதைத்தான் அங்குள்ள விவசாயிகள் 'புளிப்பு' மேய்ச்சல் என்கிறார்கள்.

மேற்கே வறண்ட பக்கம் மண்ணில் சத்து தங்கியிருக்கிறது. புல் அடர்த்தி குறைவு, ஆனால் காய்ந்த பிறகும் சத்து இலையிலேயே நிற்கும். அது 'இனிப்பு' மேய்ச்சல். புளிப்புப் புல் குளிர்காலத்தில் உதவாது என்பதால்தான் அந்தக் காலத்தில் ஹைவெல்ட் பண்ணையாளர்கள் குளிர்காலத்தில் ஆடுகளை உறைபனி இல்லாத தாழ்நிலங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வேலி போட்ட பண்ணைகள். புளிப்புப் பகுதியில் மாடு நக்கித் தின்ன யூரியா கலந்த கட்டி வைத்துச் சமாளிக்கிறார்கள். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொண்டு நாரைச் செரிக்க உதவும்.

அங்கே பயிராகும் மக்காச்சோளத்தின் விளைச்சலையும் மண்தான் பாதி தீர்மானிக்கிறது. கிழக்கில் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போட வேண்டும். மேற்கே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் சில பகுதிகளில் மழை குறைவாக இருந்தும் பயிர் நிற்கிறது. மேலே மணல், அடியில் களிமண் அடுக்கு. உள்ளே இறங்கிய நீர் அங்கே தேங்கி வேருக்குக் கிடைக்கும். வரிசைகளை அகலமாக விட்டு, அந்த நீரை அளந்து செலவழிக்கிறார்கள்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் குலைக்கும் எல் நினோ கடுமையானால் அந்தச் சேமிப்பும் போதாது. 2015-16 வறட்சியின்போது, வழக்கமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்யும் தென்னாப்பிரிக்கா, வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.