உங்கள் தாத்தா இறந்த தேதியை எழுதியது யார்?

டிசம்பர் பிறந்தால் போதும், என் கைபேசிக்கு அந்தச் செய்தி வந்துவிடும். "மலாயாப் போரில் 138,708 பேர் பலி" என்று பெரிய எழுத்தில் இருக்கும், கீழே ஒரு பீரங்கிப் படம். அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இறந்தவர்களின் எண்ணிக்கையே அல்ல.

கோலாலம்பூரில் இருபத்தைந்து வருடங்களாகப் பழைய ஆவணங்களோடுதான் என் வேலை. குடியுரிமைச் சிக்கல், நிலப் பத்திரம், தோட்டத்துப் பதிவேடு என்று பலதும் வரும். அதில் ஒரு பகுதி, ஜப்பான்காரன் காலத்தில் காணாமற்போன ஒரு தாத்தாவையோ பெரியப்பாவையோ தேடி வரும் குடும்பங்கள். சிப்பாயாக வந்தவர், சாப்பராக (பாலம், சாலை போடும் படைப் பொறியாளராக) வந்தவர், லாரி ஓட்ட வந்தவர், ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர். இந்தக் குடும்பங்கள் கையில் ஒரு தேதியோடு வருவார்கள், இணையத்தில் இன்னொரு தேதியைப் பார்த்திருப்பார்கள், எது உண்மை என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 138,708. 1941 டிசம்பரிலிருந்து 1942 பிப்ரவரி வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரோடு நடந்த போரில், பிரிட்டிஷ் தரப்புக்கு ஏற்பட்டதாகப் பிரிட்டிஷ் அதிகாரபூர்வப் போர் வரலாறு சொல்லும் மொத்த இழப்பு அது. ஆங்கிலத்தில் கேஷுவல்ட்டி என்று எழுதியிருப்பார்கள். ராணுவக் கணக்கில் அந்தச் சொல்லுக்குள் கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் எல்லோரும் அடக்கம். மறுநாள் காலை பெயர் கூப்பிடும்போது வரிசையில் இல்லாத ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 138,708 பேரில் 130,000-க்கு மேற்பட்டவர்கள் கைதிகள். நாம் அதைத் தமிழில் "பலி" என்று எழுதினால், உயிரோடு பிடிபட்டவர்களையும் பிணக்கணக்கில் சேர்த்துவிடுகிறோம். சிலர் 138,708-லிருந்து 130,000-ஐக் கழித்து, செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 8,708 என்று எழுதுகிறார்கள். அதுவும் தவறு. 130,000 என்பது "அதற்கு மேல்" என்று சொன்ன உத்தேச எண். உத்தேச எண்ணைக் கழித்தால் கடைசி இலக்கம் வரை துல்லியமான விடை எங்கிருந்து வரும்?

அந்த மொத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். பிரிட்டிஷார் 38,496, ஆஸ்திரேலியர் 18,490, இந்தியர் 67,340, உள்ளூர்த் தொண்டர் படையினர் 14,382. ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியப் படையினர். ஆஸ்திரேலியர்களின் 18,490-ஐ மேலும் பிரிக்க முடியும்: இறந்தவர் 1,789, காயம்பட்டவர் 1,306, பிடிபட்டவர் 15,395. கூட்டிப் பாருங்கள், ஓர் ஆள் கூடக் குறையாமல் சரியாக வரும். இந்தியர்களின் 67,340-ஐ அப்படி ஆளாளாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் நம்மால் முடிவதில்லை. என்னிடம் வரும் குடும்பங்களின் துயரம் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது.

வென்றவர்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தரப்பிலிருந்து வந்த கணக்கில் 3,507 பேர் இறந்தார்கள், 6,150 பேர் காயம்பட்டார்கள், ஆக 9,657. பிரிட்டிஷ் வரலாறு ஜப்பானியரின் இழப்பை 9,824 என்கிறது. இடையில் 167 பேர். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எந்த நாள்வரை எண்ணினார்கள், யாரைச் சேர்த்தார்கள் என்பது மாறினாலே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

சரி, இந்தியர்களின் பதிவு ஏன் இப்படிச் சிதறியது? அந்தப் படை பின்வாங்கிய விதத்தைப் பார்த்தால் புரியும். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். டிசம்பர் 13-க்குள் ஜித்ரா போனது, 19-ஆம் தேதி பினாங்கு, ஜனவரி 11-இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரண். எழுபது நாள். ஒவ்வொரு பட்டாளத்திலும் வார் டைரி என்று ஒரு தினக்குறிப்பு இருக்கும், அன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று எழுதிவைக்க. ஓடுகிற ஓட்டத்தில் பல டைரிகள் எரிக்கப்பட்டன, தொலைந்தன. பிறகு சிறை முகாமில் உட்கார்ந்தோ போர் முடிந்தோ, உயிரோடிருந்த அதிகாரிகள் நினைவிலிருந்து திரும்ப எழுதியவையும் உண்டு. நினைவிலிருந்து எழுதும் அதிகாரி தன் சக அதிகாரியின் பெயரை மறக்க மாட்டார். போன வாரம் வந்து சேர்ந்த சிப்பாயின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? 1942 ஜனவரியில் ஏறக்குறைய 7,000 இந்தியச் சிப்பாய்கள், பாதிப் பயிற்சியோடு, இழப்பை நிரப்ப என்று கப்பலில் வந்து இறங்கினார்கள். ஒரு ரெஜிமென்ட்டின் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்டு அடுத்ததில் ஏறுவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்திருப்பான்.

சிலிம் ரிவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையை ஒரு நொடியில் கடந்துவிடுகிறார்கள். 1942 ஜனவரி 7 விடியற்காலை ஜப்பானிய டாங்கிகள் அந்தச் சாலையிலேயே நேராக ஓடிவந்து இரண்டு இந்தியப் படைப்பிரிவுகளைக் கிழித்துப் போட்டன. தப்பியவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள். வாரக்கணக்கில் அலைந்து, பசியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் உண்டு, பிடிபட்டவர்களும் உண்டு. இவர்களில் ஒருவருடைய பதிவில் "7.1.1942" என்றிருந்தால் என்ன பொருள்? அன்றைக்குப் பிறகு அவரைப் பார்த்தவர் யாரும் வந்து சொல்லவில்லை என்பது மட்டும்தான். அன்றுதான் இறந்தார் என்பதற்கு அது சாட்சியாகாது.

15.2.1942 என்ற தேதியும் அப்படித்தான். அதைப் பார்த்தால் நான் நிதானித்துவிடுவேன். சரணடைந்த நாள் அது. கடைசி நாள் குண்டடியில் இறந்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், ஆனால் எப்போது போனார் என்றே தெரியாத பலருக்கும் அந்தத் தேதியே போடப்பட்டிருக்கிறது. கோப்பை மூட ஒரு தேதி வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் பிப்ரவரி 17. சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில் இந்தியப் படையினரைத் தனியாகப் பிரித்துக் கூட்டினார்கள். அங்கிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு, மறுத்துக் கைதியாகவே இருந்தவர்கள் உண்டு. சாங்கி முகாமில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்காகச் சிறைப்பட்டவர்களே ஒரு பதிவு அலுவலகம் நடத்தினார்கள். யார் எங்கே, யார் இறந்தார், எந்தக் கப்பலில் போனார் என்று மூன்றரை வருடம் ரகசியமாகவும் வெளிப்படையாகவும் எழுதிவைத்தார்கள். நம் ஆட்கள் வேறு முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூகினி, நியூ பிரிட்டன் என்ற தொலைதூரத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஒருவர் இறந்தால் அந்தச் செய்தி சேலம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து சேர எந்த வழியும் இல்லை.

நான் கையாண்ட ஒரு குடும்பத்தைச் சொன்னால் இது விளங்கும். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். செந்தூலிலிருந்து ஓர் அம்மா வந்தார், எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பாவின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 1941-இல் மலாயா வந்தார், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார். அதோடு சரி. 1946-இல் ஊரில் பெரியம்மாவுக்கு ஒரு காகிதம் வந்தது: காணாமற்போனார், 15.2.1942-இல் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை பெரியம்மா பொட்டை அழிக்கவில்லையாம். அந்தத் தேதிக்கு ஐயரிடம் திதி பார்த்து, இங்கே அப்பாவும் அங்கே பெரியம்மாவும் வருடா வருடம் படைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பேரப்பிள்ளை ஒருவன் இணையத்தில் தேடியபோது அதே போன்ற பெயரில் ஒரு சாப்பர், 1944-இல் இறந்தவர், நியூ பிரிட்டனில் பிட்டா பாக்கா போர்க் கல்லறையில் இருப்பதாகக் கிடைத்தது. வீட்டில் சண்டை. அது வேறு ஆள் என்றார் அந்த அம்மாவின் தம்பி. இரண்டு வருடம் உயிரோடு இருந்தவருக்கா நாம் திவசம் கொடுத்தோம் என்று அம்மா அழுதுகொண்டே இருந்தார்.

பெயரை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்திடம், பெயரும் மாவட்டமும் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு, இவர்தான் உங்கள் ஆள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் செலவு செய்து கல்லறைக்குப் போய் மாலை போட்டு வந்தார்கள். பிறகு படை எண் (ஒவ்வொரு படையாளுக்கும் தரும் தனி எண்) கிடைத்தது, ஆள் வேறு. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் காப்பி கொடுத்தார், அந்த நாள் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

நம் பெயர்களின் நிலைமை அப்படி. குப்புசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். தலைப்பெழுத்து ஊரா, அப்பா பெயரா என்று எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரியாது, சில இடத்தில் அப்பா பெயரே ஆள் பெயராகிவிடும். வட ஆற்காடு, தென் ஆற்காடு என்றிருக்கும், அந்த மாவட்டங்கள் இன்று வரைபடத்தில் இல்லை. அதனால் படை எண் ஒன்றுதான் நம்பகமான நூல். அதோடு தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர், இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

அந்த அம்மாவின் ஊரில் ஒரு சித்தப்பா மகன் பெரியம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பென்ஷன் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினார். எண் இருந்தது. பிட்டா பாக்கா பதிவோடு ஒப்பிட்டால் கடைசி இலக்கம் மட்டும் வேறு, ஒன்றில் 1, மற்றதில் 7. கையெழுத்தைப் பார்த்தால் அந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று குழந்தைக்கும் புரியும். தகப்பன் பெயர் அதே, மனைவி பெயர் அதே, ஊர்ப்பெயரில் மட்டும் ஓர் எழுத்து சிதைந்திருந்தது. அவர்தான். காகிதம் எழுதியவர் 1946-இல் தன் மேசையில் இருந்த தகவலை வைத்து எழுதினார். தீவிலிருந்து விவரம் வந்து பதிவேட்டில் ஏறியது அதற்குப் பிறகு. இரண்டும் அதனதன் இடத்தில் உண்மையான காகிதங்கள்தான், ஆனால் பின்னால் வந்ததை யாரும் பெரியம்மாவுக்கு எழுதிப் போடவில்லை.

அதனால்தான் எந்தப் பதிவைப் பார்த்தாலும், இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேளுங்கள் என்கிறேன். பென்ஷனுக்காக எழுதியதும் கல்லறைக்காக எழுதியதும் படைப் பட்டியலுக்காக எழுதியதும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கடிகாரம் கூட ஒத்துப்போகாது. மலாயா அப்போது கிரீன்விச்சை விட ஏழரை மணி நேரம் முன்னால், ஜப்பானியப் படை பயன்படுத்தியது டோக்கியோ நேரம், ஒன்பது மணி. இரவு பதினொன்றுக்கு நடந்த ஒன்று அவர்கள் குறிப்பில் மறுநாளாகிவிடும். ஆக்கிரமிப்புக் காலக் காகிதத்தில் வருடம் 2602 என்றிருந்தால் பயப்படாதீர்கள், அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நமக்கு 1942.

கல்லறையும் இறந்த இடத்தைக் காட்டாது. தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், 850-க்கு மேற்பட்டோர், அதில் 500-க்கு மேல் பெயர் தெரியாதவர்கள். போர் முடிந்த பிறகு, போர்க்களங்களிலிருந்தும் தற்காலிக இடுகாடுகளிலிருந்தும் எடுத்துக் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் 24,000-க்கு மேல் பெயர்கள். அத்தனையும் மலாயாப் போரில் செத்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலையில் இறந்த கைதிகள், கடலில் மூழ்கியவர்கள், வேறு நாட்டு வானில் காணாமற்போன விமானப்படையினரும் அதில் உண்டு. இந்தக் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டாம் உலகப் போருக்கு எடுத்துக்கொள்ளும் காலமே 1947 டிசம்பர் 31 வரை. எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவிடம் இருக்கிறது, ஏறக்குறைய 800 பெயர், பெரும்பாலும் இந்தியப் படையினர். பலர் முன்பக்கத் தூண்களைப் பார்த்துவிட்டுப் பெயர் இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒன்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும். தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் ஆட்களின் பெயர்கள் இந்தப் பதிவேடுகள் எதிலும் கிடைக்காது. அவர்கள் படையினர் அல்லர் என்பதுதான் காரணம். அவர்களைத் தேடும் வழியே வேறு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

வீட்டில் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பென்ஷன் புத்தகம், மணியார்டர் துண்டு, பதக்கம் வந்த டப்பா, எதில் வேண்டுமானாலும் எண் இருக்கும். தெளிவாகப் படமெடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள், லேமினேட் செய்யாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், ஆனால் நீங்கள் இணையத்தில் பார்த்த தேதியை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவர்கள் நினைவும் அந்தத் தேதிக்கு வளைந்துவிடும். நீங்கள் ஆதாரம் கொடுத்தால் போர்க் கல்லறை ஆணையம் பிழையைத் திருத்தும். "எங்கள் தாத்தா சொன்னார்" என்பது போதாது, அந்தக் காலத்துக் காகிதம் வேண்டும்.

செந்தூல் அம்மாவின் பெரியப்பாவுடைய ஊர்ப்பெயரையும் எண்ணையும் திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். திதியை மாற்றலாமா என்று அவர் கோவிலில் கேட்டார். நாள் உறுதியாகத் தெரியும்வரை மகாளய அமாவாசையில் கொடுங்கள் என்றார்களாம். இந்த வருடம் அப்படியே கொடுத்தார், பெரியப்பாவுக்குப் பிடிக்கும் என்று அப்பா சொல்லியிருந்த கருவாட்டுக் குழம்பை மட்டும் மறுநாள் தனியாகச் சமைத்துவைத்தாராம்.