விசிறி சுழன்றாலும் நகராத காற்று

"என் ராஸ்பெர்ரி பை காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மதியமானதும் மந்தமாகிவிடுகிறது. பலகை பழுதாகிவிட்டதா?" என்று வேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேமராப் பதிவுகளைச் சேமிக்க, ஒரே பலகையில் அடங்கிய சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை 4-ஐ மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மொட்டை மாடி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாராம்.

பழுது இல்லை. 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் பலகையில் உள்ள முதன்மைச் சிப் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 85-ஐ எட்டினால் இன்னும் குறைக்கும். பெட்டிக்குள் ஒவ்வொரு வாட்டுக்கும் சிப் 10 டிகிரி சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் செலவானால் அறையைவிட 50 டிகிரி கூடுதல். காலையில் அறை 27 என்றால் சிப் 77, தப்பித்தது. மதியம் அறை 40 என்றால் 90, மாட்டிக்கொண்டது. வெயிலைக் குறைக்க நம்மால் முடியாது. அந்த 10-ஐக் குறைக்கலாம்.

உலோகத்தில் வெப்பம் தாராளமாக ஓடும். அசையாத காற்றோ அலுமினியம் கடத்துவதில் ஏறக்குறைய 8,000-ல் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்குக்கும் நடுவே பேஸ்ட் தடவுவதே அங்குள்ள நுண்ணிய காற்று இடைவெளிகளை நிரப்பத்தான். ஹீட் சிங்க் வரை வெப்பம் சிரமமில்லாமல் வந்துவிடும். சிக்கல் அதன்பிறகு.

வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் இறக்கையில் விரலை ஓட்டிப் பாருங்கள். நாள் முழுக்கக் காற்றைக் கிழித்த இறக்கைதான். ஆனால் விரலில் கறுப்பாகத் தூசி ஒட்டும். அத்தனை வேகத்தில் அது ஏன் பறந்துபோகவில்லை? பரப்பைத் தொடும் காற்று அந்தப் பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. இறக்கையில் உட்கார்ந்திருக்கும் தூசியைப் பொறுத்தவரை அங்கே காற்றே வீசவில்லை. பரப்பிலிருந்து விலக விலக வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சில மில்லிமீட்டர் தாண்டிய பிறகுதான் முழு வேகத்தை எட்டுகிறது. இந்த மெல்லிய பகுதிக்கு எல்லை அடுக்கு என்று பெயர். 1904-ல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில் இதை விளக்கினார். எனக்கு இயற்பியலில் இதைவிடப் பிடித்த எண்ணம் வேறில்லை.

ஹீட் சிங்கின் வெப்பம் முழுவதும் இந்தச் சோம்பேறிக் காற்றைக் கடந்துதான் வெளியேற வேண்டும். விசிறி இல்லாவிட்டால் 4 சென்டிமீட்டர் உயரப் பரப்பில் அடுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரை தடிக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்றைச் செலுத்தினால் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். விசிறி செய்யும் பெரிய உதவி இந்த அடுக்கை மெலிய வைப்பதுதான். ஆனால் வேகத்தை நான்கு மடங்காக்கினால்தான் தடிமன் பாதியாகும். அதனால் விசிறியை மேலும் மேலும் விரட்டுவதில் சத்தம்தான் மிச்சம். ராஸ்பெர்ரி பை 5-க்கான அதிகாரபூர்வ கூலர், சிப் 50 டிகிரியை எட்டும்போது மெதுவாகச் சுழலத் தொடங்குகிறது. முழு வேகம் 75-ல்தான்.

இன்னொரு வழி அழகானது. ஹீட் சிங்கின் தகட்டில் காற்று முதலில் படும் முன்விளிம்பில் அடுக்கு மிக மெல்லியது, போகப் போகத் தடிக்கும். எனவே நீளமான தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, சின்னச் சின்னத் தூண்களாக நிறுத்தினால், ஒவ்வொரு தூணிலும் அடுக்கு புதிதாகத் தொடங்கும். பேராசைப்பட்டுத் தூண்களை நெருக்கினால் எதிரெதிர் அடுக்குகள் ஒட்டி, இடைவெளியே அடைபட்டுவிடும்.

பிராண்டில் கையால் சக்கரம் சுழற்றும் நீர்த்தொட்டியில் துகள்களைத் தூவி எல்லை அடுக்கின் போக்கைக் கண்ணால் பார்த்தார். நம் பொறியியல் கல்லூரிகளில் அப்படி ஒரு தொட்டி செய்யப் பெரிய நிதி தேவையில்லை. மாணவர்கள் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேலூர் வாசகருக்கு: மூடிய பெட்டிக்குள் விசிறி வைத்தால் அதே சூடான காற்றைத்தான் கலக்கும். பெட்டியின் அடியில் ஒரு துளை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு துளை போடுங்கள். மேல் துளையில் காற்றை வெளியே தள்ளும்படி விசிறியைப் பொருத்துங்கள். சூடான காற்று தானாகவே மேலேறும் என்பதால் இரண்டும் ஒரே திசையில் உழைக்கும். உள்ளே வரும் காற்று ஹீட் சிங்கின் மேல் படும்படி பலகையை இரு துளைகளுக்கும் நடுவில் மாட்டுங்கள். விசிறிக்குப் பக்கத்தில் வேறு ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். கீழ்த் துளைக்குக் கொசுவலை ஒட்டி, தூசி சேர்ந்ததும் தட்டிவிடுங்கள்.