மொராக்கோ தெருப்பூனைகள்: சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஊசிக்குத்தான்

மொராக்கோவில் மதில் சூழ்ந்த பழைய நகரத்தை மதீனா என்பார்கள். அங்கே பூனைக்கு இரை போட ஆள் குறைவில்லை. எஸ்ஸவூரா துறைமுகத்தில் மத்தி மீன் கூடைகள் இறங்கும்போதே தலையும் குடலும் கல்தரைக்கு வந்துவிடும். ஃபெஸ் நகரத்துக் கோழிக்கடைகளில் உயிர்க்கோழியை எடை போட்டு அறுத்துத் தருவார்கள். கழிவில் ஒரு பங்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனைக்குப் போகும். விற்பனைக்கு விரித்த கம்பளத்தின் மேலேயே பூனை தூங்கினாலும் கடைக்காரர் விரட்ட மாட்டார். இதற்கு மார்க்கப் பின்னணியும் உண்டு. பூனை அசுத்தமான பிராணி அல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்லும் நபிமொழியும் பரவலாகத் தெரிந்ததே.

ஆக, அன்பும் சோறும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதவை இரண்டு: ரேபிஸ் தடுப்பூசி, கருத்தடை. சுற்றுலா போகிறவர்களும் வேலைக்காக அங்கே தங்குகிறவர்களும் பை நிறையத் தீவனம் வாங்கிப் போடுகிறார்கள். அதே பணத்தில் ஒரு பெட்டைப் பூனையின் கருத்தடைக்குப் பங்கு கொடுத்தால் அந்தத் தெருவுக்கு நெடுநாள் பயன்.

முதலில் ரேபிஸ்

மொராக்கோவில் ரேபிஸ் இன்னும் ஒழியவில்லை. நோயைச் சுமந்து பரப்புவது முக்கியமாக நாய்தான். நாய் கடித்த பூனை அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. மொராக்கோவில் பூனை கடித்த பிரிட்டன்வாசி ஒருவர் ரேபிஸால் இறந்ததை பிரிட்டன் சுகாதாரத் துறை 2018-இல் அறிவித்தது. நாயிடம் எட்டி நிற்கிறவர்கள்கூடப் பூனையை மடியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆபத்து இங்கேதான்.

பூனையைத் தொட்டது, இரை கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது: இவற்றுக்கு எந்த ஊசியும் வேண்டாம். ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பு மருந்தும் வேண்டும். இதைக் காயத்தின் உள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதல் ஊசியோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. தடுப்பூசி போட்டு உடல் தானாக எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியில் காவல் நிற்பது இம்யூனோகுளோபுலின்தான். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் பிறகு இம்யூனோகுளோபுலினைப் போட மாட்டார்கள்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீரும் சோப்பும் கொண்டு முழுதாக 15 நிமிடம் கழுவுவது. கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். கணக்கில்லாமல் கழுவுகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் என்று நம் ஊர்க் கைவைத்தியம் எதுவும் கூடாது. காயத்தை உடனே தையல் போட்டு மூடவும் கூடாது. நகராட்சிச் சுகாதார அலுவலகத்தோடு இணைந்த ரேபிஸ் மையங்கள் நகரங்களில் உள்ளன. பிரெஞ்சில் ‘சாந்த்ர் ஆன்திராபீக்’ என்று கேட்டால் மருந்துக்கடையிலோ தங்கும் விடுதியிலோ வழி சொல்வார்கள். பாஸ்டர் நிறுவனம் காசாபிளாங்காவிலும் டாஞ்சியரிலும் இருக்கிறது. ஊசி அட்டவணை இரண்டு விதம்: 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 ஆம் நாள்களில் ஒவ்வொன்று, அல்லது முதல் நாளே இரு கைகளிலும் ஒவ்வொன்று, பிறகு 7, 21 ஆம் நாள்களில். நடுவில் ஊர் திரும்புவதானால் எந்த அட்டவணை, என்ன மருந்து, என்ன தேதி என்று எழுதிய அட்டையைக் கையோடு வாங்கி வாருங்கள். அட்டை இல்லாவிட்டால் இங்கிருக்கும் மருத்துவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரலாம். பயணத்துக்கு முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு 0, 3 ஆம் நாள்களில் இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

கடித்த பூனையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தின் கடைக்காரருக்கு அது யார் வாசல் பூனை என்று பெரும்பாலும் தெரியும். 10 நாள் கழித்தும் அது நலமாகத் திரிந்தால் கடித்த நேரத்தில் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். மருத்துவர் மீதி ஊசிகளை நிறுத்தலாம். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று காத்திருப்பது உயிரோடு சூதாடுவது.

எச்சில் ஒழுகும் பூனையெல்லாம் ரேபிஸ் பூனை அல்ல. கேலிசி வைரஸ் வாயில் புண் உண்டாக்கும், ஈறு அழற்சி வந்தாலும் எச்சில் ஒழுகும், தெருப்பூனைகளில் இரண்டும் சாதாரணம். அதற்காக வாயைத் திறந்து பார்க்க விரல் விடாதீர்கள். குரல் கரகரத்து, காரணமில்லாமல் பாய்ந்து கடித்து, பின்னங்கால் தள்ளாடும் பூனையிடமிருந்து விலகி, நகராட்சிக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள்.

ரேபிஸ் இல்லாவிட்டாலும் பூனைக்கடி சின்ன விஷயமில்லை. பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே துளை மூடிக்கொள்ளும், உள்ளே பாஸ்டுரெல்லா கிருமி வளரும். விரல் மூட்டிலோ உள்ளங்கையிலோ கடி என்றால் ஒரே நாளில் வீங்கிவிடும். அன்றே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தேவையா என்று கேளுங்கள்.

கருத்தடை: கூண்டு வைப்பதிலேயே பாதி வேலை

பெட்டைப் பூனை பிறந்த நான்கைந்து மாதத்திலேயே சினைபிடிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். பகல் நீள நீளப் பூனைக்குப் பருவம் வரும். அதனால் வசந்தத்தில் எஸ்ஸவூராவிலும் ரபாத்திலும் சந்துக்குச் சந்து குட்டிகள். நவம்பர், டிசம்பரில் சினைப்பூனைகள் மிகக் குறைவு என்பதால் அறுவைக்கு அதுவே நல்ல காலம். பூனை விரும்பிகள் குட்டிகளைப் பார்த்தபின் ஏப்ரலில் விழித்துக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

அறுவைக்குப் பூனையைப் பிடிக்கக் கூண்டு வைப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரை வையுங்கள். கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து உள்ளே சாப்பிடப் பழக்குங்கள். அறுவைக்கு முந்தைய இரவோடு இரையை நிறுத்த வேண்டும். மயக்க மருந்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். ஆனால் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டியை நான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடாதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். எந்தத் திட்டமும் இங்கேதான் கெடும்: நீங்கள் இரையை நிறுத்தியிருப்பீர்கள், தெருவே விடியற்காலையில் மத்தித்தலை போட்டிருக்கும். கோழிக்கடைக்காரர், மீன்காரர், மசூதி வாசலில் இரை வைக்கும் மூதாட்டி என எல்லோரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் கூண்டைத் தூக்கினால் ‘எங்கள் பூனையைப் பிடித்துப் போகிறார்கள்’ என்ற பேச்சு கிளம்பும், அடுத்த முறை வேலை நடக்காது.

கழுதையும் தள்ளுவண்டியும் ‘பாலாக்’ என்ற கூவலோடு வரத் தொடங்குமுன், கடைகள் திறக்குமுன், விடியலில் கூண்டு வையுங்கள். ஒரு தேக்கரண்டி மத்தி மீன் போதும். வாசனைதான் வேலை செய்கிறது. பூனை அகப்பட்டதும் கூண்டைத் துணியால் மூடுங்கள். இருட்டில் அடங்கிவிடும், மூடாவிட்டால் மூக்கைக் கம்பியில் மோதி ரத்தமாக்கிக்கொள்ளும். ஒரு கூண்டுக்கு ஒரு பூனைதான்.

மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, ஒரு காதின் நுனியை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நேர்க்கோடாக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அதே பூனையை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்க நேராது. வெள்ளைப் பூனைகளிடம் இன்னொன்றையும் பாருங்கள். வெயில் ஆண்டுக்கணக்கில் பட்டு வெள்ளைக் காதின் ஓரத்தில் புற்றுநோய் வரும். முதலில் சிவப்பு, பிறகு ஆறாத பொருக்கு, பிறகு ஓரம் அரித்துக் கந்தலாகும். வெட்டிய காது நேர்க்கோடாக, முடி மூடி, உலர்ந்து இருக்கும். கந்தலான காதைக் கருத்தடை அடையாளம் என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே காதுமடலை நீக்கினால் பூனை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அறுவைக்குப்பின் பூனைக்குக் குளிரும் ஓர் ஆபத்து. மயக்கத்தில் உடல் வெப்பம் இறங்கும். கல்தரையில் கூண்டை வைக்காமல் அட்டையும் துணியும் விரித்து வையுங்கள். ஆண் பூனையை ஓர் இரவு, பெட்டையை இரண்டு இரவு கவனித்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ‘இதைவிட நல்ல தோட்டம்’ என்று வேறு எங்கேனும் விட்டால் அங்கிருக்கும் பூனைகள் விரட்டும், அதற்குத் தண்ணீர் இருக்கும் இடமும் தெரியாது. பால் கொடுக்கும் தாய் அகப்பட்டால் மயக்கம் முழுதும் தெளிந்ததும் தாமதிக்காமல் விடுங்கள். ஒரு தெருவின் பூனைகளில் பத்தில் குறைந்தது ஏழுக்குக் கருத்தடை முடிந்தால்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்றோடு நிறுத்தினால் மிச்சமிருப்பவை ஈனும் குட்டிகளே அந்தக் குறையை நிரப்பிவிடும்.

இரையில் நடக்கும் தவறுகள்

தஜீன் என்ற மொராக்கோ மண்சட்டிக் குழம்பின் மிச்சத்தைப் பூனைக்கு வைக்காதீர்கள். அதில் வெங்காயமும் பூண்டும் குழம்போடு கரைந்திருக்கும். இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பசும்பால் பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு. மத்தி மீன் இடையிடையே நல்லது. அதை மட்டுமே தின்றால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சியாகி, தொட்டாலே வலியில் கத்தும். உலர்தீவனம் என்றால் நாளைக்கு 50 முதல் 70 கிராம் ஒரு பெரிய பூனைக்குப் போதும். அரை மணியில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் எலிக்கு விருந்து. பூனை இருந்தால் எலி இராது என்பது பாதி உண்மைதான். சுண்டெலியையும் இளம் எலியையும் பிடிக்கும், முழு வளர்ந்த பெரிய எலியோடு பெரும்பாலும் மோதாது. ரமளானில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். இரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மராகேஷ் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது தீவனத்தைவிட நிழலில் ஒரு கிண்ணம் தண்ணீர் மேல்.

தையல்காரர் சந்துகளில் ஒரு தனி ஆபத்து. ஜெலாபா அங்கியின் கரைப்பின்னலுக்கு நூலைச் சுவரோரம் நீட்டிப் பிடித்து முறுக்குவார்கள். அறுந்த துண்டுகள் தரையில் கிடக்கும். பூனை விளையாடி விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் நூலின் மேல் சுருக்கிக்கொண்டு போய், கடைசியில் நூலே குடலை அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அதுவும் அன்றே.

பொது இடத்தில் இரை வைக்குமுன் உள்ளூர்ச் சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் திரியும் விலங்குகள் குறித்து மொராக்கோ அரசு 2025-இல் கொண்டுவந்த 19.25 எண்ணுள்ள சட்ட முன்வடிவில், அவற்றுக்குத் தனியார் இரை வைப்பதற்கே அபராதம் என்ற விதி இருந்தது. விலங்கு ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

குட்டியைத் தூக்குமுன்

தனியாகக் கிடக்கும் குட்டி அநாதை என்று முடிவு கட்டாதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும். தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். வயிறு நிறைந்து தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது. குளிர்ந்து, ஓயாமல் கத்தும் குட்டியானால் முதலில் சூடு, பிறகே பால். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது; புகட்டிய பால் நுரையீரலுக்குப் போகும். கண்ணில் சீழ் ஒட்டி மூடியிருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சு நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள். முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரை. மனிதருக்கும் ஒட்டும், குழந்தைகளைக் கொஞ்ச விடாதீர்கள்.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் விடுமுறையில் போய் ஒரு குட்டியை எடுத்து வர ஆசைப்பட்டால் காலக்கணக்கு இது. முதலில் மைக்ரோசிப், அதாவது தோலடியில் வைக்கும் அடையாளச் சில்லு. 12 வாரம் நிறைந்தபின் ரேபிஸ் ஊசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. எதிர்ப்பாற்றல் அளவு மில்லிக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டி சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய முடியாது. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. வரிசை மாறினால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு வார விடுமுறையில் முடியும் காரியமல்ல என்பதால், அந்த ஏழு மாதமும் குட்டியை யார் வீட்டில் வைத்துக்கொள்வார், செலவு யாருடையது என்று பேசி முடித்தபின் தூக்குங்கள்.