இரண்டாம் தர ரக்பி லீக்: தலையில் அடிபட்டவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா?

ஆஸ்திரேலியாவில் ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டால், ரக்பி லீக்கின் முதல் தரப் போட்டியான என்.ஆர்.எல்.லில் ஆடும் கிளப்புகள் செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு அந்த வாரத்து அணிப் பட்டியலை வெளியிடுகின்றன. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். பட்டியலுக்கு ஒரு படி கீழே காத்திருக்கும் வீரருக்கோ அது வாழ்க்கை. முதல் அணியில் ஒருவருக்குத் தொடைத்தசை கிழிந்தால், இன்னொருவருக்குத் தடை விதிக்கப்பட்டால், கீழே இருப்பவருக்கு அழைப்பு வரும். அந்த அழைப்பு தவறிவிடக் கூடாது என்பதற்காகவே வலியை மறைப்பவர்கள் பலர். மேற்கு சிட்னியில் பிசியோதெரபிஸ்டாக இந்த வீரர்களைப் பார்த்துவருகிறேன். முழங்காலை மறைத்தால் ஒரு பருவம் வீணாகும். தலையை மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில் பகுதிகளில் நம் குடும்பங்கள் ஏராளம். அதே வென்ட்வர்த்வில்லின் மேக்பைஸ் அணிதான் 2019 வரை என்.ஆர்.எல். கிளப்பான பாராமட்டா ஈல்ஸின் துணை அணியாக, இரண்டாம் தரப் போட்டியான நியூ சவுத் வேல்ஸ் கப்பில் ஆடியது. பள்ளியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு அயலார் வீட்டு விஷயமாக இனி இருக்காது. ஆனால் இதன் படிநிலைகளை அறிந்த பெற்றோர் நம்மிடையே குறைவு.

படிநிலை இதுதான். உச்சியில் என்.ஆர்.எல். ஒவ்வொரு கிளப்பிலும் முதன்மை ஒப்பந்தம் பெற்றவர்கள் 30 பேர். அவர்களில் பாதிக்கு மேல் சற்றுக் கூடுதலானவர்களுக்குத்தான் வார ஆட்டத்தில் இடம். மற்றவர்கள் நியூ சவுத் வேல்ஸ் கப்பிலோ குயின்ஸ்லாந்து கப்பிலோ ஆடுகிறார்கள். சிட்னியில் இந்த இரண்டாம் தர அணிகளில் பெரும்பாலானவை தாய்க் கிளப்பின் பெயரையே தாங்கியவை. ஆனால் 1983க்குப் பிறகு முதல் தரத்திலிருந்து வெளியேறிய நியூடவுன் ஜெட்ஸ், 1999க்குப் பிறகு தனித்து நிற்க முடியாமல் போன நார்த் சிட்னி பேர்ஸ் போன்ற பழைய கிளப்புகளுக்கும் இந்தத் தரமே உயிர் கொடுத்து வைத்திருக்கிறது. அதற்குக் கீழே ரான் மாஸ்ஸி கப், சிட்னி ஷீல்டு. பக்கவாட்டில் 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக், 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால்.

குயின்ஸ்லாந்தின் அமைப்பு வேறு. 1996இல் தொடங்கிய குயின்ஸ்லாந்து கப்பில் ஆடுபவை ஊர்க் கிளப்புகள். கெய்ர்ன்ஸில் நார்தர்ன் பிரைட், டவுன்ஸ்வில்லில் பிளாக்ஹாக்ஸ், மெக்காயில் கட்டர்ஸ், ராக்ஹாம்ப்டனில் கேப்ராஸ் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த மைதானமும் சொந்தச் சனமும் இருக்கிறார்கள், என்.ஆர்.எல். கிளப்புகளோடு ஒப்பந்த உறவு மட்டுமே. 2014இல் இந்தப் போட்டிக்குள் வந்த பப்புவா நியூ கினி ஹன்டர்ஸ் 2017இல் கோப்பையை வென்றது. அதற்கு முன் ஹன்டர்ஸில் ஆடியிருந்த ஜஸ்டின் ஓலம், அந்நாட்டின் லாயே நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். ஹன்டர்ஸிலிருந்து என்.ஆர்.எல். கிளப்பான மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போய் 2020இல் என்.ஆர்.எல். கோப்பை வென்ற அணியில் இருந்தார். இந்தப் படிக்கட்டு மெய்யாகவே மேலே கொண்டுபோகிறது. அதனால்தான் அதில் ஏறுபவர்கள் எதையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள் பழைய ரக்பி சங்கத்தை விட்டு விலகின. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த வீரர்கள் ஆட்டத்துக்காக இழக்கும் சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. கூடாது என்பது சங்கம் சொன்னது. பிரிந்து வந்தவர்கள் நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்று விதி வைத்தார்கள். முதல் தர வீரர்கள் இன்று முழுநேர ஊழியர்களாகிவிட்டார்கள். இரண்டாம் தரத்தில் அந்தப் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒரே ஆட்டத்தில் மூன்று வகை மனிதர்கள் மோதிக்கொள்வதை இங்கே பார்க்கலாம். காயத்திலிருந்து மீண்டு உடலைச் சோதித்துப் பார்க்க இறங்கிவந்த முழுநேர என்.ஆர்.எல். வீரர் ஒருவர். வளர்ச்சி ஒப்பந்தத்தில் இருக்கும் இருபது வயது இளைஞர் ஒருவர். கூரை வேலையோ மின்வேலையோ கிடங்கு வேலையோ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர் மூன்றாமவர். பந்து வைத்திருப்பவரை மோதிப் பிடிக்கும் டேக்கிளின் வேகம் மூவருக்கும் ஒன்றுதான். அடுத்த நாள்தான் வேறு. முதலாமவரை கிளப் மருத்துவர் பார்ப்பார். மூன்றாமவர் விடியற்காலையில் எழுந்து வேலைப் பூட்ஸை மாட்ட வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முன்வரிசை வீரர், கூரை ஓடு பதிக்கும் தொழிலாளி. கழுத்து வலிக்கிறது என்றுதான் வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், அசைவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் என் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொன்னபோது பாதியிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு மேசையைப் பிடித்தார். கூட வந்த மனைவி அதன் பிறகுதான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பால் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார். குழந்தை சத்தம் போட்டதற்கு, என்றைக்கும் இல்லாத கோபம். திங்கட்கிழமை கூரைமேல் குனிந்து நிமிர்ந்தபோது எல்லாம் சுழன்று, முகட்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை ஆட்டத்தில் எதிராளியின் இடுப்பெலும்பு அவர் காதுக்கு மேல் மோதியதைக் களத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாள்கூலி, வீட்டுக்கடன், அடுத்த வாரம் அழைப்பு வரக்கூடும் என்ற பேச்சு. மூன்றும் சேர்ந்து அவர் வாயை அடைத்திருந்தன.

இதைத்தான் நாங்கள் கன்கஷன் என்கிறோம்: மூளையதிர்வு. நினைவு தப்பி விழுந்தால்தான் மூளையதிர்வு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறு. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கூசுவது, மந்தமாக இருப்பது, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுவது, எழுந்து நடக்கும்போது கால் பின்னுவது ஆகியவைதான் அதன் முகங்கள். சில அடிபட்டவுடன் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள்தான் தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் மூளையதிர்வு இல்லை என்றும் பொருளல்ல. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்.

களத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகளை எந்தப் பெற்றோரும் கேட்கலாம். இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாருடன்? அதில் வென்றோமா? ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் மேடக்ஸ் வகுத்த கேள்விகள் இவை. பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பதால் பயனில்லை. அடிபட்டவரும் அவற்றைச் சரியாகவே சொல்லிவிடுவார். ஒரு பதில் தடுமாறினாலும் அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக அவரைத் திரும்ப இறக்கிவிடவும் கூடாது. அடியை நீங்கள் பார்த்திருந்தால், அவர் முகம் மாறியிருந்தால், அது போதும்.

இங்கேதான் தொலைக்காட்சி நம்மைத் தவறாகப் பழக்குகிறது. என்.ஆர்.எல்.லில் அடிபட்டவரை 15 நிமிடம் வெளியே வைத்துச் சோதித்துத் திரும்ப அனுப்புவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அங்கே அணி மருத்துவர் இருக்கிறார். பல கோணங்களில் காட்சிப்பதிவு ஓடுகிறது. அதைப் பார்த்து வீரரை வெளியே எடுக்கச் சொல்ல 2022 முதல் தனி மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கீழே இறங்க இறங்க இந்தக் கண்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கடைசியில் பக்கக்கோட்டில் ஒரு பிசியோவோ முதலுதவி அறிந்த தன்னார்வலரோ மட்டும்தான். அதேபோல், 2023 முதல் என்.ஆர்.எல். கட்டாயமாக்கிய 11 நாள் ஓய்வை எல்லோருக்கும் பொதுவான கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. இளையோருக்கும் உள்ளூர் விளையாட்டுக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கடுமையானது: அறிகுறிகள் முற்றிலும் மறைந்து 14 நாட்கள் ஆன பிறகே மோதல் பயிற்சி, அடிபட்டதிலிருந்து குறைந்தது 21 நாட்கள் கழித்தே போட்டி. உங்கள் மகன் எந்தத் தரத்தில் ஆடுகிறார், அங்கே எந்த விதி, யார் கையெழுத்திட்டால் திரும்ப ஆடலாம் என்பதைப் பருவம் தொடங்குமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். சிட்னியின் கேன்டர்பரி அணிக்காக ஆடி, பிறகு அதன் பயிற்சியாளராகவும் இருந்த ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் இறந்தார். அவர் மூளையை ஆய்வு செய்தபோது, தொடர்ந்து தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய மூளைச் சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. பால் கிரீன் பயிற்சியாளராக இரண்டாம் தரத்தில் பெயரெடுத்தவர். வின்னம் மேன்லி அணியை 2011இலும் 2012இலும் குயின்ஸ்லாந்து கப் வெல்ல வைத்து, அந்தப் பெயரோடு மேலே போய், 2015இல் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு என்.ஆர்.எல். கோப்பையையும் பெற்றுத் தந்தார். 2022இல் 49 வயதில் மறைந்தார். அவர் மூளையிலும் அதே நோய். ஒரு மூளையதிர்வு வந்தவருக்கெல்லாம் இது வரும் என்று பயமுறுத்தவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆறாத தலையோடு அடுத்த அடியை வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

2015இல் சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸ் வீரர் ஜேம்ஸ் ஆக்கர்மன் குயின்ஸ்லாந்து கப் ஆட்டம் ஒன்றில் தோளால் இடிக்கும் டேக்கிளில் காயமடைந்து இறந்தார். வயது 25. அந்த டேக்கிள் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது. அவர் இறந்த பிறகு அதற்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. இரண்டாம் தரம் என்பதால் மோதலும் இரண்டாம் தரமாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குயின்ஸ்லாந்தில் தூரமும் ஒரு சிக்கல். பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். ஹன்டர்ஸின் சொந்த மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கே பறக்க வேண்டும். அடிபட்டவரை மைதானத்தில் பார்த்தவர் ஒருவர், மறுநாள் வீட்டுக்கருகே பார்ப்பவர் வேறொருவர். நடுவில் தகவல் தொலைந்துபோகிறது. எந்த நிமிடத்தில் எப்படி அடிபட்டது, என்ன சொன்னார், எப்போது வாந்தி வந்தது என்று ஒரு தாளில் எழுதி வீரர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத அளவு மயக்கம், வலிப்பு, இரட்டைப் பார்வை, கழுத்து வலி, கைகால் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 000 எண்ணை அழையுங்கள். கழுத்தில் வலி என்றால் ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அடிபட்ட அன்று தனியே விடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது. அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருத்துவர் பார்த்து அபாயமில்லை என்று சொன்ன பிறகு தூக்கம் நல்லதுதான். முதல் ஓரிரு நாள் ஓய்வு. அதற்காக இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கவும் வேண்டாம். கைபேசித் திரையைக் குறைத்து, மெதுவாக நடக்க விடுங்கள்.

தலையை விட்டு ஒரு வார்த்தை. தொடையில் முழங்கால் மோதி வீங்கினால் நல்லெண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவிவிடுவது நம் அம்மாக்களின் அன்பு. தயவுசெய்து அந்த முதல் சில நாட்களில் மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கும் தசையைப் பிசைந்தால் கசிவு கூடும். சிலருக்கு அந்தத் தசைக்குள் எலும்பே வளர்ந்து மாதக்கணக்கில் முழங்காலை மடக்க முடியாமல் போகும். துணியில் சுற்றிய ஐஸும் கட்டும் போதும்.

கடைசியாகப் பணம். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் விளையாட்டில் படும் காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. கிளப் ஆட்டத்துக்குப் பணம் கொடுத்தாலும் அப்படித்தான். கிளப் பதிவோடு வரும் விளையாட்டுக் காப்பீடு, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, மெடிகேர் தந்தது போக நாம் கட்டும் இடைவெளித் தொகையைத் தராது. அதற்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. முழங்கால் தசைநார் அறுவைக்குப் போகும்போதுதான் இது பலருக்குத் தெரியவருகிறது. குயின்ஸ்லாந்துவாசிகளுக்கு ஆம்புலன்ஸ் இலவசம். நியூ சவுத் வேல்ஸில் அப்படி இல்லை. தனியார் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கிளப் செயலாளரிடம் கேளுங்கள்: வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வருமான இழப்புத் தொகை உண்டா, வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள் கழித்துத் தொடங்கும்? இல்லை என்றால் கூடுதல் சந்தா கட்டி எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். கூரை ஓடு பதிப்பவர் மூன்று வாரம் ஏணி ஏறாமல் இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பது எளிது. அந்த மூன்று வாரத்துக்கு வீட்டில் பணம் இருந்தால்தான் அவர் அதைக் கேட்பார்.