குளிசையை எறியச் சொன்னது யார்?

ஈஸ்டருக்கு முந்திய இந்த லெந்து உபவாச நாட்களுக்குள் என்னிடம் இப்படி வருவது இது மூன்றாவது. கல்லடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகளைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். (ஆள் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பிள்ளைக்கு ஆறு நாளாக நித்திரை இல்லை. மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்து வந்தவளிடம் உபவாச ஜெபமொன்றில் "விசுவாசம் இருந்தால் இண்டைக்கே குளிசையை எறி" என்றிருக்கிறார்கள். எறிந்தவளை முன்னுக்கு வரவழைத்துச் சாட்சியும் சொல்ல வைத்திருக்கிறார்கள். இரண்டு கிழமை நல்லாத்தான் இருந்தாளாம். பிறகு சாப்பாடில்லை, குளிப்பில்லை, "என்னில ஏதோ பாவம் இருக்கு" என்ற ஒரே பேச்சு. சாட்சி சொன்ன சபையிலேயே வருத்தம் திரும்பிவிட்டதென்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்?

நானும் விசுவாசிதான். உளவளத்துணைக்கு வருபவர்கள் கேட்டால் சேர்ந்து ஜெபிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

மனச்சோர்வு விசுவாசக் குறைவாம். வேதாகமத்தில், கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் இருந்து சாவைக் கேட்கிறார். 1 இராஜாக்கள் 19, எடுத்துப் பாருங்கள். தூதன் வந்து பிரசங்கமா பண்ணினார்? சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழும்பிச் சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார்! அதற்கும் ஏச்சு விழவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. அதை எழுதியவருக்கு விசுவாசம் இல்லையென்று யாரும் வேதாகமத்திலிருந்து கிழித்து எடுக்கவில்லை. பிரசர் குளிசையை எறிந்துவிட்டுச் சாட்சி சொன்ன பாஸ்டர் ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

மன்னிப்பும் இப்படித்தான் அவசரப்படுத்தப்படுகிறது. 1990 யுத்தக் கொலைகள், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. எங்கள் மட்டக்களப்பில் இந்த மூன்றையும் தாண்டி வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நாவலடியில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடமும், சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த காலையில் சொந்தத்தை இழந்தவரிடமும் "மறந்திடுங்க, கர்த்தருடைய சித்தம்" என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. முதலில் அழ விடுங்கள். அடிக்கிற புருசனை மன்னித்துத் திரும்பிப் போ என்பது ஆலோசனையே அல்ல. அவளுக்குப் பாதுகாப்பான இடம் பாருங்கள், பேச்செல்லாம் பிறகு.

குளிசை எழுதவும் நிறுத்தவும் எனக்கு உரிமை இல்லை. பாஸ்டருக்கும் இல்லை. மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யவே சில கிழமை பிடிக்கும். மூன்றாம் நாள் "ஒண்டும் தெரியல்ல" என்று விடாதீர்கள். சுகமானாலும் டொக்டர் சொல்லித்தான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரையின்மை வரலாம். அதைப் பிசாசு என்று சொல்லி இன்னொரு உபவாசம் வைக்காதீர்கள், தயவுசெய்து.

ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பாகக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊரில் ஆளைத் தெரிந்துவிடும். சாக வேண்டும் போல இருக்கா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.

அந்தத் தாய் போகும்போது, "அப்ப ஜெபிக்கிறதை விடவாகா?" என்று கேட்டார். விட வேண்டாம் அக்கா, காலையில் ஜெபித்துவிட்டுக் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மகளோடு போங்கள் என்றேன். கொப்பியையும் அன்றைக்கு எறிந்துவிட்டார்களாம்.